கலியன் அட்டையில் ஒரு செருப்புக் கால்

நூர் ஸ்டூடியோ வீட்டு மருமகள் சிஃபா, ஒரே ஒரு மிளகாய் பஜ்ஜியைத் தின்று முடிப்பதற்குள் ஆயிரத்துச் சொச்சம் பேருக்குப் பெயர் வைத்தாள். அது பெரிய பஜ்ஜிகூட இல்லை.

கும்மிடிப்பூண்டி பஜாரில் இதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் தெரியாததால் நம்பினார்கள். மீதிப் பேர் கம்ப்யூட்டர் தெரிந்ததால் நம்பினார்கள். நம்பாமல் நின்றவர் ஊரிலேயே ஒருத்தர்தான். அவர் சிஃபாவின் மாமனார் அசன் முகைதீன்.

சிப்காட்டில் உள்ள இரும்பு உருக்காலை ஒன்று தன் ஆட்கள் அத்தனை பேருக்கும் புது அடையாள அட்டை போட முடிவு செய்ததும், படம் எடுக்கும் வேலை சிஃபாவின் கணவன் தமீம் அன்சாரிக்குக் கிடைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். டோக்கன் எண் வரிசைப்படி ஆட்களை உட்கார வைத்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் அந்த ஆளின் எண்ணையே பெயராக வைத்துத் தர வேண்டும். அட்டை அச்சடிப்பவர்கள் சென்னையில் இருப்பவர்கள். அவர்களுக்கு முகம் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும்.

கேமராவோ தன் இஷ்டத்துக்கு வாயில் நுழையாத பெயர்களை வைத்திருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றினால் ஒரு ரமலான் போய் அடுத்த ரமலான் வந்துவிடும். சிஃபா நோட்பேடில் நாலே வரி எழுதினாள். முதல் படத்துக்கு ஒன்று, அடுத்த படத்துக்கு ஒன்றைக் கூட்டு, இன்னும் படம் இருந்தால் இன்னும் கூட்டு. எண்ணுக்கு முன்னால் பூஜ்யங்களையும் போடு. இல்லாவிட்டால் ஒன்றுக்குப் பக்கத்தில் இரண்டு வராமல் பத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். இதற்குப் பேட்ச் ஃபைல் என்று பெயர். அவள் அதை இரண்டு தட்டு தட்டியதும் கறுப்பு ஜன்னல் திறந்து வெள்ளை எழுத்து மழை கொட்டியது. மழை விட்டபோது கையில் பஜ்ஜியின் காம்புதான் மிச்சம்.

"மெஹரு, உன் மருமவகிட்ட சொல்லு. நாலு வரியில ஆயிரம் பேருக்குப் பேர் வெக்கிற வேலை நடக்கவே நடக்காது" என்றார் அசன் முகைதீன். ஃபிலிம் ரோல்கள் இருந்த கண்ணாடி அலமாரியை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் கம்ப்யூட்டரை வைத்த நாளிலிருந்து அவர் சிஃபாவிடம் நேரடியாக ஒரு வார்த்தை பேசியதில்லை. மனைவி மெஹர்னிசா வழியாகத்தான் எல்லாம்.

அதனால்தான், படம் எடுத்த அன்று தமீமுக்குத் துணையாகப் போயிருந்த அவரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைச் சிஃபா கேட்காமலே விழுங்கிவிட்டாள். பட்டியலில் இருந்த பெயர்களைவிட இரண்டு படங்கள் அதிகமாக இருந்தன. யாரோ இரண்டு பேர் கண்ணை மூடியிருப்பார்கள், மறுபடி எடுத்திருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மேலே இருந்த இருபது படங்களைச் சரிபார்த்தாள். எல்லாம் சரி. சிடியை அனுப்பிவிட்டாள்.

சென்ற வாரம் நாஷ்டா நேரத்தில் ஃபோன் அடித்ததோடு நிறுத்தியிருந்தோம், இல்லையா? எடுத்தவர் மாமனார். பேசியவர் ஆலையில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸின் அதிகாரி வீரராகவன். அவருடைய குரல் ஃபோனைத் தாண்டி, சட்னிக் கிண்ணத்தைத் தாண்டி, பக்கத்து ஸ்வீட் ஸ்டால்வரை கேட்டது.

"பாய்! இன்னிக்குத்தான் அட்டை குடுத்தோம். பாதிப் பேர் கேட்டுக்கு வெளிய நிக்கறாங்க. ஒருத்தன் மூஞ்சி இன்னொருத்தன் அட்டையில! ஒருத்தன் அட்டையில மூஞ்சியே இல்ல, செருப்புக் கால் இருக்குது! பழுப்புச் செருப்பு, சிவப்பு நூல் தையல்! வந்து பாருங்க!"

அசன் முகைதீன் ரிசீவரை மெதுவாக வைத்தார். வாசல் பக்கம் போனார், திரும்பி வந்தார், சமையல்கட்டுக்குள் போனார், மறுபடி வந்தார்.

"மெஹரு, உன் மருமவளைக் கிளம்பச் சொல்லு. அவ வெச்ச பேருங்க இன்னா லட்சணத்துல இருக்குதுன்னு அவளே வந்து பாக்கட்டும். இதோட அந்தக் கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டுட்டு அலமாரியைப் பழைய எடத்துல வெக்கிறேன்."

"அது இருக்கட்டும், செருப்பு போடாம போறீங்களே?" என்றாள் மெஹர்னிசா.

"அறுந்துபோச்சு."

தமீம் அன்சாரி ஒரு கல்யாணத்துக்காக ஊத்துக்கோட்டை போயிருந்தான். மாமனாரும் மருமகளும் மட்டும் ஷேர் ஆட்டோ ஏறினார்கள். சித்திரை வெயில். தார்ச் சாலையில் தோசை ஊற்றியிருந்தால் முறுகலாக வந்திருக்கும். ஆட்டோவிலிருந்து ஆலை வாசலுக்கு இருந்த சின்னத் தூரத்தை அசன் முகைதீன் வெறுங்காலோடு ஒரு நாட்டியம் போலவே கடந்தார். அந்த வயதில் அப்படி ஒரு துள்ளலை அந்தச் சாலை கண்டதில்லை.

வாசலில் இருந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரிக்கும் நிலையில் இல்லை.

நிரந்தரத் தொழிலாளிகள் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். அவர்கள் அட்டைகள் சரியாக இருந்தன. வெளியே நின்றவர்கள் அத்தனை பேரும் கான்டிராக்ட் ஆட்கள். டோக்கன் வரிசையில் கடைசியில் வருபவர்கள். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி கிடையாது.

கூட்டத்தின் நடுவில் பெருக்கும் வேலை செய்யும் பூவம்மாள் தன் அட்டையை உயர்த்திப் பிடித்திருந்தாள். பூவம்மாள் என்று எழுதியிருந்த இடத்துக்கு மேலே கொடுவாள் மீசை ஒன்று முறைத்தது.

"யோவ் கலியா, உன் மீசை எனக்கு இன்னாத்துக்குய்யா? புடி, எடுத்துக்கோ!"

"என் மூஞ்சாவது உங்கிட்ட பத்திரமா கீது, பூவம்மா" என்றான் ஃபர்னஸ் ஹெல்பர் கலியன். "எனக்கு இன்னா குடுத்துக்கிறானுங்க பாத்தியா?"

கலியனின் அட்டையில் ஒரு கால் இருந்தது. செருப்புப் போட்ட வலது கால். சிமென்ட் தரை. பெயர் கலியன், பிரிவு ஃபர்னஸ், ரத்த வகை ஓ பாசிட்டிவ்.

சிஃபா அந்த அட்டையை வாங்கிப் பார்த்தாள். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அந்தச் சிவப்புத் தையலைத் தினமும் காலையில் பெருக்கும்போது வாசலில் ஓரமாக நகர்த்தி வைப்பவள் அவள்தானே.

நிமிர்ந்து மாமனாரின் வெறுங்காலைப் பார்த்தாள். அவர் ஆலையின் புகைபோக்கியைப் பார்த்தார்.

"சிரிக்காதீங்க!" வீரராகவன் கேட்டுக்கு உள்ளேயிருந்து வந்தார். "கலியா, கேமராவுக்கு முன்னாடி காலைத் தூக்கிக் காட்டியிருக்கே. போன மாசம் கையுறை கேட்டுச் சத்தம் போட்டவன்தானே நீ? திமிரு! உனக்கு வேலை கிடையாது. இன்னிக்கே கான்டிராக்டர்கிட்ட சொல்லிட்டேன்."

கலியனின் மீசை தொங்கிப்போனது. "சார், நான் எந்தக் காலத்துல சார் லெதர் செருப்பு போட்டேன்? ஊட்ல ரெண்டு புள்ளைங்க சார். நம்புங்க சார், நான் மூஞ்சைத்தான் காட்னேன்."

"மூஞ்சைக் காட்டினா மூஞ்சிதானே வரும்?"

அதற்குள் கான்டிராக்டரின் ஆள் செல்ஃபோனைக் காதிலிருந்து எடுத்தான். "சார், வேற ஆளுங்க ரெடி. பார்டர்ல லாரி ஏறிட்டாங்க. எளாவூர் செக்போஸ்ட் தாண்டிட்டா ரெண்டு மணி ஷிஃப்டுக்கு இங்க இறங்கிடுவாங்க. இவங்க மொத்தப் பேரும் வேணாம், பேஜாரு."

அன்றைய கூலி போவது வேறு, நாளையிலிருந்து வேலையே போவது வேறு. பூவம்மாள் அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சார், ஒரு கம்ப்யூட்டர் குடுங்க" என்றாள் சிஃபா. "லாரி வர்றதுக்குள்ள சரி பண்ணிடறேன்."

டைம் ஆபீஸ் அறையில் ஏசி ஓடியது. சிஃபாவுக்கு மட்டும் வேர்த்தது. வீரராகவன் ஒரு பக்கம், மாமனார் மறுபக்கம். ஜன்னலுக்கு வெளியே கலியனின் முகம், இந்தத் தடவை மீசையோடு, சரியான ஆளின் மேலேயே ஒட்டியிருந்தது.

படங்களை வரிசையாகக் கீழே இறக்கினாள். பாதிவரை பெயரும் முகமும் பொருந்தின. சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு வந்த முதல் படம் கால். அதற்கு அடுத்தது கலியன்.

"சார், இந்த எடத்துல ஒரு படம் கூட வந்திருக்கு. அதுக்குக் கலியன் நம்பர் போயிடுச்சு. அங்கேர்ந்து எல்லாருக்கும் அவங்களுக்கு முன்னாடி உக்காந்தவங்க மூஞ்சி வந்துடுச்சு. ஒவ்வொருத்தரா ஒரு நம்பர் குறைச்சா சரியாயிடும்."

நோட்பேடைத் திறந்து நாலு வரி எழுதினாள். கூட்டு என்று இருந்த இடத்தில் கழி. இரண்டு தட்டு தட்டினாள்.

கறுப்பு ஜன்னல் திறந்தது. வெள்ளை எழுத்து மழை கொட்டியது. எல்லா வரியும் ஒரே வரி. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறது. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறது. ஒரு படம்கூட அசையவில்லை.

அசன் முகைதீன் வீரராகவன் பக்கம் திரும்பினார். "சார், அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க. நான் அப்பவே சொன்னேன். நாலு வரியில நடக்கற காரியமா இது? நடக்கவே நடக்காது."

சிஃபா உதட்டைக் கடித்துக்கொண்டாள். தவறு எங்கே என்று அவளுக்கு உடனே புரிந்தது. ஷேர் ஆட்டோவில் முன் சீட்டுக்காரர் எழுந்தால்தான் அடுத்தவர் அங்கே நகர முடியும். கலியனின் இடத்தில் செருப்பு உட்கார்ந்திருக்கிறது. கலியன் நகர முடியவில்லை. அதனால் பூவம்மாள் நகர முடியவில்லை. அவளுக்குப் பின்னால் மொத்த வரிசையும் அப்படியே நிற்கிறது, வாசலில் நிற்பதைப் போலவே.

முதலில் செருப்பை எடுக்க வேண்டும். அது ஷேர் ஆட்டோ ஏறுகிற யாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் மாமனாரின் காலை மவுஸால் தொட்டு அழிக்க அவள் விரலுக்கு மனசு வரவில்லை, அதனால் அதைச் சுற்றிப் போகப் பார்த்தாள்.

"சார், இந்தக் கால் படத்தை எடுத்துடறேன்."

"தொடாதே!" வீரராகவன் மேஜையைத் தட்டினார். "கலியன் மேல நடவடிக்கைக்கு அதுதான் ஆதாரம். எம்.டி. பாக்கணும். காலை நீட்டினது அவன் இல்லேன்னா வேற யாருன்னு சொல்லு. அதுக்கப்புறம் எடு."

சிஃபா எப்படிச் சொல்வாள்? பேசாத மாமனாரைப் பற்றி, அவர் எதிரிலேயே, வெளி ஆளிடம். சொல்லாவிட்டால் கலியனுக்கு வேலை இல்லை. வாசலில் நிற்பவர்களுக்கும் இல்லை. லாரி வந்துகொண்டிருந்தது.

அவள் அந்த வீட்டு வழக்கத்தையே கையில் எடுத்தாள்.

"சார், மாமாகிட்ட ஒண்ணு கேளுங்க. கேமராவுல புது ரோல் மாட்டினா, முதல் கிளிக் யாருக்குன்னு கேளுங்க."

வீரராகவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கேட்டார்.

அசன் முகைதீனுக்குப் புரிந்தது. பஜாரில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் அது. ரோல் மாட்டும்போது ஃபிலிமின் முனையில் வெளிச்சம் பட்டுவிடும். அதில் படம் விழாது. அதனால் முதல் கிளிக்கைத் தரையைப் பார்த்து வீணாக்கிவிட்டுத்தான் ஆளைப் பார்க்க வேண்டும். முதல் கிளிக் மண்ணுக்கு. முப்பது வருஷமாக அவர் விரல் அதைச் செய்திருக்கிறது. மனசைக் கேட்டுச் செய்ததில்லை.

"சார், அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க, இது ரோல் இல்ல, மெமரி கார்டு" என்றார். குரல் கொஞ்சம் ஏறியிருந்தது. "தமீம் சாப்பிடப் போனான், நான் கார்டு மாத்தினேன். அவ்வளவுதான். டிஜிட்டல்ல எவனாவது முதல் கிளிக்கை மண்ணுக்குக் குடுப்பானா? அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல."

அப்போதுதான் கதவு திறந்தது. கல்யாண வீட்டுச் சந்தனம் நெற்றியில் காயாமல், கையில் ஒரு கேரி பேக்குடன், மூச்சு வாங்க நின்றான் தமீம் அன்சாரி.

"வாப்பா, இன்னா வாப்பா நீ, இந்த வெயில்ல செருப்பு போடாம வந்துட்டியாமே? உம்மா துடிச்சிப்போயிடுச்சு. அறுந்துபோச்சுன்னு சொன்னியாம், நல்லாத்தானே கீது. அரிசி டிரம்முக்குப் பின்னாடி இருந்துச்சாம்."

மேஜைமேல் பையைக் கவிழ்த்தான். மானிட்டருக்குப் பக்கத்தில் விழுந்தது பழுப்புச் செருப்பு, சிவப்பு நூல் தையல். திரையிலும் அதே செருப்பு.

ஜன்னலில் கலியன் செருப்பைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், கடைசியில் அசன் முகைதீனைப் பார்த்தான். அவன் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். வேலை போச்சா இருக்கா என்று மட்டும்தான் அதில் இருந்தது.

"சார்" என்றார் அசன் முகைதீன். "கலியனை உள்ள உடுங்க. அது என் காலு."

"பாய்?"

"என் காலுதான் சார். கார்டு மாட்டினதும் கை பாட்டுக்கு அமுக்கிடுச்சு. அவரு மூஞ்சைத்தான் காட்னாரு. நான்தான் தரையைப் பாத்தேன்." செருப்பை எடுத்துக் கீழே போட்டு இரண்டு காலையும் நுழைத்துக்கொண்டார். அப்புறம் மெஹர்னிசா வழியாக இல்லை, வீரராகவன் வழியாகவும் இல்லை, நேராக மருமகளைப் பார்த்தார்.

"அத்த அழிச்சிடும்மா."

சிஃபா டெலீட் தட்டினாள். கால் போயிற்று. பேட்ச் ஃபைலை இரண்டு தட்டு தட்டினாள்.

அந்த நேரம் பார்த்து ஆபீஸ் டீயோடு ஒரு தட்டு பஜ்ஜி வந்திருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத அசன் முகைதீன் ஒன்றை எடுத்து ஒரு கடி கடித்தார். கறுப்பு ஜன்னல் திறந்தது. செருப்பு எழுந்த இடத்தில் கலியன் உட்கார்ந்தான், கலியன் எழுந்த இடத்தில் பூவம்மாள், அவள் எழுந்த இடத்தில் அடுத்தவள். கான்டிராக்ட் ஆட்கள் அத்தனை பேரும் ஆளுக்கு ஓர் இடம் முன்னே நகர்ந்து தங்கள் தங்கள் முகத்தில் போய் உட்கார்ந்தார்கள். ஜன்னல் மூடிக்கொண்டது. அவர் இரண்டாவது கடிக்கு வாயைத் திறந்தபடியே நின்றார்.

புது அட்டை சென்னையிலிருந்து வரும்வரை முகமும் எண்ணும் போட்ட தாள்களைச் செக்யூரிட்டி வைத்துக்கொள்ளட்டும் என்று வீரராகவன் இறங்கி வந்தார். பிரிண்டர் முனகி முனகித் தள்ளியது. கலியன்தான் முதலில் உள்ளே போனான். போகிற போக்கில் அசன் முகைதீனின் காலைக் குனிந்து பார்த்து, "சோக்கா கீது பாய்" என்றான். அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

லாரி இரண்டு மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டது. அதில் நின்றவர்கள் கேட் மூடுவதைப் பார்த்தார்கள். "போலாம் நைனா" என்று ஒருவர் டிரைவரைத் தட்டினார். அவர்கள் பையிலும் மத்தியானச் சோறு இருந்தது. சிஃபாவால் ரொம்ப நேரம் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

இந்தத் தடவை அவள் மேலே இருபது படத்தோடு நிறுத்தவில்லை. அறையில் யாரும் இல்லாதபோது கடைசிவரை இறக்கிப் பார்த்தாள். பட்டியலின் கடைசிப் பெயர் தணிகாசலம். கடைசி எண்ணில் தணிகாசலம்தான் இருந்தார். சரி.

அவருக்குக் கீழே இன்னொரு படம் இருந்தது.

கூடுதலாக இருந்தவை இரண்டு. ஒன்று கால். மற்றது முகம். வெள்ளைத் திரை. வாரிய தலை. மேல் பட்டன்வரை போட்ட சட்டை. இரண்டு காதும் தெரிய, பல் தெரியாமல், பாஸ்போர்ட்டுக்குக் கேட்பதைப் போலவே நேராகப் பார்க்கும் முகம். ஆலையில் எல்லோரும் போன பிறகு, மாமா மாலை அஸர் தொழுகைக்குக் கிளம்பிய பிறகு, டைமர் வைத்துத் தானே எடுத்துக்கொண்ட படமாகத்தான் இருக்க வேண்டும். ஸ்டூடியோ வீட்டு மருமகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஊருக்குள் இருப்பதற்காக யாரும் இப்படிப் படம் எடுத்துக்கொள்வதில்லை.

அது தமீம் அன்சாரி.

அவள் படத்தைத் தன் பென் டிரைவுக்கு மாற்றிக்கொண்டு அங்கிருந்து அழித்தாள். துப்பட்டா முனையில் பென் டிரைவை முடிந்தாள்.

சாயங்காலம் வீட்டில் எல்லோரும் டீ குடித்தார்கள். அலமாரியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருகிற பேச்சே எழவில்லை. அசன் முகைதீன், செருப்பை வாசலில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி விட்டிருந்தார்.

"எல்லாம் சரியாயிடுச்சா, சிஃபா?" தமீம் டம்ளரை ஊதிக்கொண்டே கேட்டான். "படம் எதுவும் மீதி இல்லியே?"

"ஒண்ணு மீதி இருக்கு, மச்சான்."

ஊதுவது நின்றது. அவன் அவளைப் பார்த்தான். அவள் துப்பட்டா முடிச்சை விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள். அவன் எதையோ சொல்லப் போனான்.

அதற்குள் மெஹர்னிசா சமையல்கட்டிலிருந்து கணவனைக் கூப்பிட்டாள். "அது கெடக்கட்டும். நெசமாவே ஒரு பஜ்ஜி தின்றதுக்குள்ள அவ ஆயிரம் பேருக்குப் பேர் வெச்சாளா, இல்லியா? நீங்கதானே நடக்கவே நடக்காதுன்னு குதிச்சீங்க?"

அசன் முகைதீன் டம்ளரைக் கீழே வைத்தார். மருமகளைப் பார்த்தார். மகன் முகம் வெளுத்திருப்பது அவர் கண்ணில் படவே இல்லை.

"இன்னிக்கு மாத்தினது பாதிப் பேர்தான், மெஹரு. என் கையில மீதி நின்னது பாதி பஜ்ஜி. கணக்கு சரியா வருது. நடந்துச்சு."